பழைய ஃபைபர் படகு வாங்கியாச்சா? பெயிண்ட் டப்பாவை அப்புறம் திறக்கலாம்

செகண்ட் ஹேண்டில் படகு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது பெயிண்ட் வாங்குவது, அடுத்து என்ஜினைக் கழற்றுவது. இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பழைய ஃபைபர் படகில் முதலில் தேட வேண்டியது தண்ணீரை. எந்த வழியாக உள்ளே போயிருக்கிறது, எங்கே தேங்கி நிற்கிறது என்று கண்டுபிடித்துக் காயவைக்காமல், மேலே எவ்வளவு உசத்தியான ரெசினை (கண்ணாடி நாரைக் கெட்டியாக்கும் பிசினை) ஊற்றினாலும் அடுத்த சீசனுக்குள் பட்டை பட்டையாக எழும்பி வந்துவிடும்.

நான் பேசுவது நம் கடற்கரையில் பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி வரை எல்லாக் குப்பத்திலும் நிற்கிற, 24 அடியிலிருந்து 32 அடி வரையுள்ள திறந்த ஃபைபர் படகுகளைப் பற்றி. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டவை இவைதான். அந்தச் சமயத்தில் நிவாரணத்துக்காக அவசர அவசரமாக நிறையப் படகுகள் கட்டினார்கள். அதில் கெட்டியாகக் கட்டியதும் உண்டு, மேட்டை, அதாவது ரெசினில் நனைத்து அடுக்கும் கண்ணாடி நார் விரிப்பை, குறைத்து ஒப்பேற்றியதும் உண்டு. அதனால் "பத்து வருஷப் படகுதான், நல்லா இருக்கும்" என்று வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வயது முதிர்ந்த தடிமனான படகு, வயது குறைந்த மெல்லிசான படகைவிட எவ்வளவோ மேல்.

காசு கொடுக்கும் முன்

பதிவுச் சான்றைக் கையில் வாங்கி, அதிலுள்ள எண்ணும் படகில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். என்ஜின் எண்ணையும் அதேபோல் ஒத்துப் பாருங்கள். படகின் மேல் வங்கியிலோ சங்கத்திலோ கடன் நிலுவை இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். மீன்வளத் துறை அலுவலகத்தில் பெயர் மாற்றம் செய்ய விற்பவர் உங்களோடு வருவார் என்றால் வாங்கலாம், "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி" என்றால் வேறு படகு பாருங்கள். புதுசாகப் பெயிண்ட் அடித்து விற்பனைக்கு நிறுத்தியிருக்கும் படகில் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. கீறலும் ஒட்டும் வெளியே தெரிகிற அழுக்குப் படகுதான் நேர்மையான படகு, விலையும் பேசலாம்.

ஏற்றி, காலி செய்து, கழுவி

நம் பக்கம் ஓதத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் பெரும்பாலான இடங்களில் ஒரு மீட்டருக்குள்தான். அதனால் தண்ணீர் வற்றும் நேரத்தில் அடியில் வேலை பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கெல்லாம் இங்கே செல்லாது. படகை டிராக்டர் வைத்தாவது நன்றாக மேலே இழுத்து, மணல் மூட்டைகள் மேல் சமமாக உட்கார வையுங்கள். நடுவில் மட்டும் முட்டுக் கொடுத்து இரண்டு முனையையும் அந்தரத்தில் விட்டால் படகு மெல்ல வளையும். அந்த நிலையில் ஒட்டிய ஒட்டு, படகைத் தண்ணீரில் இறக்கியதும் விரியும். அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, ஒரு சாண் உயர்த்தி வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் பின்னால் வடிந்துவிடும். வடிகால் தக்கையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், மணலில் வைத்தால் திரும்பக் கிடைக்காது.

படகுக்குள் இருக்கும் பலகை, கயிறு, பழைய வலை, ஐஸ் பெட்டி, எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஒன்றைக்கூட "இது இருக்கட்டும்" என்று விட வேண்டாம், அதற்கு அடியில்தான் விஷயம் இருக்கும்.

அடியில் பாசியும் கொட்டலசும் (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டியிருந்தால் கரையேற்றிய அன்றைக்கே, ஈரம் காய்வதற்குள் சுரண்டுங்கள். காய்ந்த கொட்டலசு கல்லாக இறுகிவிடும், பிறகு அதைப் பெயர்க்கும்போது ஜெல்கோட்டும், அதாவது ஃபைபரின் வழவழப்பான மேல்பூச்சும், சேர்ந்து பெயரும். அகலமான பட்டித் தகடு போதும், உளியும் சுத்தியும் வேண்டாம். சுரண்டிய பிறகு வட்ட வட்டமாக நிற்கும் வெள்ளைத் தடத்துக்குக் கழிவறை கழுவும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து தடவி, பொங்கி அடங்கியதும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடும். அலுமினியம், ஸ்டீல் பாகங்களில் அது படக் கூடாது. துருக் கறைக்கும் தண்ணீர்மட்டத்தில் படியும் பழுப்புக் கறைக்கும் ஆக்சாலிக் ஆசிட் தூள் நன்றாக வேலை செய்யும். லிட்டருக்கு 50 கிராம் கரைத்துத் தடவி, கொஞ்ச நேரம் விட்டுக் கழுவுங்கள், கையுறை கட்டாயம். பிளீச்சிங் பவுடர் துருவை எடுக்காது. என்ஜின் பக்கம் படிந்த ஆயிலையும் டீசலையும் பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டுத் தேய்த்து, துணியால் துடைத்தெடுத்து, அப்புறம் கழுவுங்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் ரெசின் பிடிக்கவே பிடிக்காது. கடைசி கழுவல் நல்ல தண்ணீரில்தான் இருக்க வேண்டும். உப்பு மிஞ்சியிருந்தால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

தட்டிப் பாருங்கள்

சுத்தியலின் மரப்பிடியாலோ ஐந்து ரூபாய்க் காசாலோ படகு முழுக்க, ஒரு சாண் விடாமல் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும். உள்ளடுக்கு பிரிந்த இடமும் தண்ணீர் குடித்த இடமும் தொப்பென்று சத்தம் குறையும். சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு காலை நேரம் முழுசாகப் போகும், போகட்டும். முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடங்கள்: மணலில் இழுத்து இழுத்துத் தேய்கிற ஏரா (அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் தண்டு), அணியத்தின் அடி வளைவு, குறுக்குப் பலகைகள் பக்கச் சுவரோடு சேரும் மூலைகள், என்ஜின் மாட்டும் பின்பலகை.

நட்சத்திரம் போலக் கிளை விட்டிருக்கும் மெல்லிய வெடிப்பு எல்லாம் ஆபத்து கிடையாது. பல நேரம் அது ஜெல்கோட்டோடு நின்றுவிடும். ஒரு இடத்தில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். கீழே ஃபைபர் கொஞ்சம் பச்சை சாயலோடு கண்ணாடி மாதிரி தெரிந்தால் மேல் வெடிப்புதான். வெள்ளையாக, உலர்ந்த நார் போலத் தெரிந்தால் அடுக்கு செத்துவிட்டது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். தண்ணீரிலேயே கிடந்த படகின் அடியில் கொப்புளங்கள் இருக்கலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றைக் குத்திப் பாருங்கள், புளித்த வினிகர் வாடையோடு தண்ணீர் பீச்சினால் ஈரம் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படி ஒன்றிரண்டு இருந்தால் திறந்து கழுவிக் காயவைக்கலாம். அடி முழுக்க இருந்தால் அந்தப் படகை வாங்காமல் இருப்பது நல்லது, வாங்கியாகிவிட்டதென்றால் பல வாரம் காயவைக்கத் தயாராகுங்கள்.

பின்பலகையைத் தனியாகச் சோதியுங்கள். அதன் உள்ளே மரம்தான், மேலே ஃபைபர் போர்த்தியிருக்கும். என்ஜின் மாட்டியிருந்தால் அதன் கால்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள், பலகை அசைகிறதா பாருங்கள். உட்பக்கத்திலிருந்து அடிப்பக்கமாக ஒரு சின்ன துளை போட்டுப் பாருங்கள். உலர்ந்த வெளிர்நிறத் தூள் வந்தால் நல்லது, கறுத்த ஈரமான கூழ் வந்தால் மரம் மக்கிவிட்டது.

இன்னொன்று, மூடிய அறைகள். முன்னும் பின்னும் மிதப்புக்காக தெர்மோகோல் அல்லது ஃபோம் வைத்து மூடியிருப்பார்கள். அங்கே தண்ணீர் புகுந்தால் வெளியே தெரியாது, படகு கனத்துக்கொண்டே போகும். அறையின் அடியில் ஒரு துளை போட்டுப் பாருங்கள். தண்ணீர் ஒழுகினால் மேல்மூடியைத் திறந்து ஊறிய ஃபோமை அள்ளி எறிய வேண்டியதுதான், அது வெயிலில் வைத்தாலும் காயாது.

காயவிடுங்கள்

புதியவர்கள் எல்லோரும் சுருக்கிவிடும் கட்டம் இது. சந்தேகப்பட்ட இடத்தைத் தேய்த்துத் திறந்துவிட்டு, மழை படாமல், ஆனால் காற்று ஓடும்படி தார்ப்பாயைக் கூரை மாதிரி கட்டுங்கள். தார்ப்பாயைப் படகின் மேல் படியப் போர்த்தினால் உள்ளே வேர்த்து இன்னும் ஈரமாகும். காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள, ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் வெயிலில் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கட்டினால் இன்னும் காயவில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை எடுக்கவே வேண்டாம். தை பிறந்த பிறகு பங்குனி வரைக்கும் தோதான காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையேறி நிற்கும், ஃபைபர் மேஸ்திரியும் கிடைக்க மாட்டார். வெயிலும் ரெசின் வேலைக்குச் சாதகமாக இருக்காது, பிரஷை எடுப்பதற்குள் டப்பாவிலேயே இறுகிவிடும்.

ரெசின் வேலை

முதலில் ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் மறக்கவே கூடாது. கடையில் மூன்று பொருள் தருவார்கள்: பாலியஸ்டர் ரெசின், ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் ஊதா நிறக் கோபால்ட், தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும் கேட்டலிஸ்ட். நம் ஆட்கள் ஹார்டனர் என்பது இந்தக் கடைசியைத்தான். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டையும் தனித்தனிப் பையில் வாங்கி வாருங்கள், ஒரே அளவு மூடியால் இரண்டையும் அளக்காதீர்கள். முடிந்தால் கோபால்ட்டைக் கடையிலேயே ரெசினில் கலந்து வாங்கிவிடுங்கள், ஆனால் அப்படிக் கலந்த ரெசினை நாள் கணக்கில் வைத்திருக்காமல் சீக்கிரம் தீர்க்க வேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடுங்கள், பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் வையுங்கள், பட்டுவிட்டால் குறைந்தது கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

பீடி, சிகரெட் பக்கத்திலேயே வேண்டாம். தேய்க்கும்போது முழுக்கைச் சட்டை, தூசுக்கான என்-95 மாஸ்க். கண்ணாடி நார் தோலில் ஏறினால் தேய்க்காமல் தண்ணீர் விட்டு அலசுங்கள், தேய்த்தால் உள்ளே போய் இரவு முழுக்க அரிக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். தேய்க்கும் முன் அந்த இடத்தை அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் மேலே உள்ள மெழுகையும் எண்ணெயையும் கிரைண்டரே உள்ளே அழுத்திவிடும். பிறகு 4 இன்ச் கிரைண்டரில் 40 நம்பர் உப்புத்தாள் போட்டு, கெட்ட அடுக்கு முழுவதும் போய் நல்ல ஃபைபர் வரும்வரை தேய்த்து எடுங்கள். ஓட்டையின் ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் தாம்பாளம் போலச் சரிவாக்க வேண்டும். அந்த இடத்தின் தடிமனைப் போல் பத்து மடங்கு அகலத்துக்குச் சரிவு, அதாவது 6 மில்லிமீட்டர் தடிமன் என்றால் சுற்றிலும் 6 சென்டிமீட்டர். பார்க்க ஓட்டையைப் பெரிதாக்குவது போல இருக்கும், ஆனால் ஒட்டின் பலம் முழுக்க அந்தச் சரிவில்தான் இருக்கிறது. சரிவில்லாமல் மேலே ஒரு மேட்டை அப்பிவிட்டுப் போனவர்களின் வேலையைத்தான் நீங்கள் இப்போது பிய்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஓட்டை மறுபக்கம் வரை போயிருந்தால் வெளிப்பக்கம் ஒரு சன்மைக்கா துண்டில் மெழுகு தடவி இறுக்கமாக வைத்துக்கொண்டு, உள்ளிருந்து போட்டு வாருங்கள், காய்ந்ததும் சன்மைக்கா தானாகக் கழன்றுவரும்.

450 கிராம் மேட் ஒரு அடுக்கு காய்ந்தால் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர். மேட் தன் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும், நெய்த துணியான ரோவிங் ஏறக்குறைய தன் எடை அளவுக்குத்தான் குடிக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் ஒட்டு, மூன்று அடுக்கு மேட் என்றால் மேட் 270 கிராம், ரெசின் 650 கிராம் வரை. நடுவில் 600 கிராம் ரோவிங் ஒரு அடுக்கு சேர்த்தால் இன்னும் 120 கிராம். பிரஷிலும் டப்பாவிலும் போவதையும் சேர்த்து ஒன்றரைக் கிலோ வாங்கினால் போதும். நிறைய வாங்கி அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், நம் வெயிலில் ரெசின் டின்னுக்குள்ளேயே கெட்டியாகும்.

மேட் துண்டுகளை எல்லாம் முன்கூட்டியே வெட்டி வரிசையாக அடுக்கிக்கொண்டு, காலை ஏழு மணிக்குள் தொடங்குங்கள். மதியத்துக்கு மேல் கடல்காற்று மணலைத் தூக்கிக்கொண்டு வரும், ஈர ரெசினில் மணல் ஒட்டினால் அவ்வளவுதான். ஒரு முறைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். முதலில் கோபால்ட்டை (கடையிலேயே கலந்து வாங்காவிட்டால்) விட்டு நன்றாகக் கலக்கிய பிறகு, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கேட்டலிஸ்ட், அரைக் கிலோவுக்கு 5 கிராம். அளக்கச் சிரிஞ்ச் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் சீக்கிரம் இறுகுகிறது என்று கேட்டலிஸ்ட்டை ஒன்றுக்குக் கீழே குறைத்தால் ரெசின் என்றைக்கும் முழுசாகக் காயாது, குறைப்பதாக இருந்தால் கோபால்ட்டைக் குறையுங்கள். எப்படியும் 30 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளில் கால் மணி நேரம்தான் கைவசம் இருக்கும்.

தேய்த்த இடத்தில் முதலில் ரெசினைப் பூசி, பெரிய மேட்டை முதலிலும் சின்னதைக் கடைசியிலும் வையுங்கள். பிரஷால் இழுக்காமல் குத்திக் குத்தி நனையுங்கள். வெள்ளை மறைந்து கண்ணாடி போல ஆனதும் இரும்பு ரோலரை ஓட்டிக் காற்றை வெளியே தள்ளுங்கள். வெள்ளைப் புள்ளியாகத் தங்குவதெல்லாம் காற்று, நாளைக்குத் தண்ணீர் போய் உட்காரும் இடம் அது. ஒரே மூச்சில் மூன்று நான்கு அடுக்குக்கு மேல் போனால் உள்ளே சூடேறிப் புகையும், அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆறவிட்டு, அன்றைக்கே, பிசுபிசுப்பு இருக்கும்போதே தொடருங்கள். மறுநாளாகிவிட்டால் திரும்பத் தேய்த்துத்தான் ஒட்ட வேண்டும். மிஞ்சிய ரெசினை டப்பாவோடு படகுக்குள் விடாதீர்கள், மணலில் ஒரு பள்ளத்தில் பரப்பிக் காயவிட்டு, கட்டியானதும் எடுத்துக் குப்பையில் போடுங்கள்.

தெர்மோகோல் மேல் பாலியஸ்டர் ரெசின் பட்டால் தெர்மோகோல் கரைந்து குழியாகிவிடும். மிதப்பு அறையை மூடும்போது தெர்மோகோலைப் பாலித்தீனில் நன்றாகச் சுற்றிவிட்டுத்தான் மேலே ஃபைபர் போட வேண்டும்.

எபாக்ஸி நல்லதா என்று கேட்பார்கள். பழைய ஃபைபரில் அது இன்னும் கெட்டியாகப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் விலை அதிகம், சாதாரண மேட்டில் உள்ள பசை அதில் சரியாகக் கரையாது, அதன் மேல் பாலியஸ்டர் ஜெல்கோட்டும் ஒழுங்காகப் பிடிக்காது. கடற்கரைப் படகுக்குப் பாலியஸ்டர் போதும் என்பது என் கருத்து.

பின்பலகை மக்கியிருந்தால்

உட்பக்கத் தோலை வெட்டி எடுத்து, மக்கிய மரம் ஒரு துணுக்கு இல்லாமல் சுரண்டி, காயவைத்து, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை அளவாக வெட்டி, ரெசினும் மேட்டும் வைத்து ஒட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கி, மேலே திரும்ப ஃபைபர் போர்த்த வேண்டும். பிளைவுட்டின் வெட்டு விளிம்புகளுக்கு முன்பே இரண்டு கோட் ரெசின் காட்டுங்கள், தண்ணீர் ஏறுவது அந்த விளிம்பு வழியாகத்தான். போல்ட் துளைகளைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டு, கெட்டியாகக் கலந்த ரெசினால் அடைத்து, காய்ந்த பிறகு சரியான அளவில் திரும்பத் துளையிட்டால் போல்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவே ரெசின் சுவர் நிற்கும். துளையில் சிலிக்கான் வேண்டாம், பாலியூரித்தேன் சீலன்ட் கேட்டு வாங்குங்கள். கையில் பழக்கமில்லாதவர் இந்த ஒரு வேலைக்கு மட்டும் மேஸ்திரியைக் கூப்பிடுவது நல்லது, ஓடும்போது என்ஜினோடு பின்பலகை பிய்த்துக்கொண்டு போனால் படகு நிமிடத்தில் நிறையும்.

மர வள்ளம் வாங்கியவர்களுக்கு ஒரே வரி: கலப்பத்து அடிக்க, அதாவது பலகை இடுக்குகளை அடைக்க, தெரிந்த ஆசாரியைத் தேடுங்கள், மக்கிய பலகையின் மேல் ஃபைபர் போர்த்தி மறைக்காதீர்கள்.

இப்போது பெயிண்ட்

ஒட்டுப் போட்ட இடத்தை 80, அப்புறம் 120 நம்பர் தாளில் தேய்த்துச் சமன் செய்து ஜெல்கோட் அடியுங்கள். கடைசிக் கோட்டில் மெழுகுக் கரைசல் கலக்கச் சொல்லுங்கள், கலக்காவிட்டால் மேற்பரப்பு பிசுபிசுவென்றே இருக்கும். தினமும் மணலில் இழுத்து ஏற்றும் படகுக்கு அடியில் பாசி பிடிக்காத பெயிண்ட் வாங்குவது வீண் செலவு, ஒரே வாரத்தில் மணலே தேய்த்துவிடும். அந்தக் காசில் ஏராவின் மேல் இரண்டு அடுக்கு மேட் கூடுதலாகப் போடுங்கள். துறைமுகத்திலோ கழிமுகத்திலோ தண்ணீரிலேயே கிடக்கும் படகுக்கு அந்தப் பெயிண்ட் தேவை. பதிவு எண்ணையும் நிறத்தையும் துறை சொல்லும்படி எழுதிவிடுங்கள்.

என்ஜினைப் பற்றி இங்கே விரிக்கவில்லை. கியர் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் சீல் போயிருக்கிறது. தண்ணீர் பம்பின் இம்பெல்லரை (உள்ளே சுழலும் ரப்பர் சக்கரத்தை) கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். துத்தநாகக் கட்டியின் மேல் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள், அது அரிபடுவதற்காகவே வைத்தது. எரிபொருள் தொட்டியில் கிடக்கும் பழைய எண்ணெயைக் கொட்டாமல் கேனில் வடித்து எடுத்து, ஃபில்டரையும் மாற்றுங்கள்.

இறக்கும் முன்னும் பின்னும்

கரையிலேயே படகுக்குள் நாலைந்து குடம் தண்ணீர் விட்டு, துணிக்குப் போடும் நீலம் கொஞ்சம் கலந்து, வெளியே அடியில் குனிந்து பாருங்கள். நீலக்கோடு எங்கே எட்டிப் பார்க்கிறதோ அங்கே ஒட்டு போதவில்லை. தொட்டி மாதிரி நிரப்பிவிட வேண்டாம், அந்தக் கனத்தில் படகே விரியும். ஒழுகவில்லை என்றால் வடிகால் தக்கையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் கட்டி வைத்து ஒரு மணி நேரம் கழித்து உள்ளே பாருங்கள். முதல் ஓட்டம் கரை கண்ணில் படும் தூரத்துக்குள், மெதுவான வேகத்தில், தண்ணீர் இறைக்க ஒரு வாளியும் ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட்டும் இரண்டு துடுப்பும் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

திரும்பி வந்ததும் பின்பலகை போல்ட்டுகளை ஒருமுறை முடுக்குங்கள், புது மரம் அழுந்துவதால் அவை தளர்ந்திருக்கும். என்ஜினுக்கு நல்ல தண்ணீர் ஓடவிடுங்கள். ஒட்டுப் போட்ட ஒவ்வொரு இடத்தையும் மாதம் ஒருமுறை அதே காசால் தட்டிப் பாருங்கள். எங்காவது சத்தம் தொப்பென்று மாறியிருந்தால் அன்றைக்கே படகை ஏற்றித் திறந்து பாருங்கள், சின்னதாக இருக்கும்போது ஒரு துண்டு மேட்டோடு முடிந்துவிடும்.